வாலிபர்களும் ரத்தக் கொதிப்பும்

ரத்தக் கொதிப்பு என்பது பேரன் பேத்தி எடுத்த பிறகு, பென்ஷன் புத்தகத்தோடு கூட வந்து சேரும் வியாதி என்று நம்மவர் வெகு காலமாக நம்பி வந்திருக்கின்றனர். செல்வர் வீட்டு வியாதி, பட்டணத்து வியாதி, உட்கார்ந்து தின்பவரின் வியாதி என்பனவும் அந்நம்பிக்கையின் கிளைகளே. தர்மபுரி ஜில்லாவில், வானம் பார்த்த பூமியில் பாடுபட்டுப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த இருபத்தைந்து வயது வாலிபனுக்கு அது வரக்கூடும் என்று யாரேனும் சொன்னால் சிரிப்பவரே இன்னும் அதிகம். அந்தச் சிரிப்பு அடங்க வேண்டிய காலம் வந்து விட்டது.

2020-ம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதிலும் 18 வயது முதல் 69 வயது வரையுள்ளவரிடையே நடத்திய கணக்கெடுப்பில், நூற்றுக்கு 33.9 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகத் தெரிய வந்தது. மூவரில் ஒருவர் என்று ஏறக்குறையச் சொல்லி விடலாம். அதைவிடத் திகைக்க வைப்பது வேறொரு கணக்கு. வியாதியுள்ள அந்த ஜனங்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. மற்றவரில் ஒரு சாரார் தமக்கு வியாதி உண்டென்பதையே அறியார். இன்னொரு சாரார் அறிந்தும் மருந்து உண்ணார். பின்னும் ஒரு சாரார் மருந்து உண்டும் பலன் காணாதவர். இந்திய தேசம் முழுமைக்கும் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கிலோ, 15 வயது முதற் கொண்டு அளந்து பார்த்ததில் ஆண்களில் நூற்றுக்கு 24 பேருக்கும், பெண்களில் 21.3 பேருக்கும் அழுத்தம் அளவு மீறியிருந்தது. கிழவர்களை மட்டும் எண்ணி இவ்வளவு பெரிய தொகை வாராது. இளம் பிராயத்தில் பெண்களைக் காட்டிலும் ஆண்களிடையே இது மிகுதி என்பதும் வைத்திய உலகில் தர்க்கத்துக்குரிய விஷயமன்று.

தர்மபுரிக்கு வியாதி புதிதன்று. நிலத்தடி நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேற்பட்டால் பல் கெடும், எலும்பு கெடும். இந்த ஜில்லாவின் பல கிராமங்களில் கிணற்று நீர் அந்த எல்லையைக் கடந்தே இருந்தது. பழுப்புக் கறை படிந்த பல்லோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். நடுவயதினர் இடுப்பு நிமிர முடியாமல் நடந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த துன்பமாதலால் கூக்குரலும் எழுந்தது. 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2013-ல் காவேரி நீரைக் குழாய் வழியே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் கொண்டு வந்தார்கள். பல்லில் தெரிந்த வியாதிக்கு இவ்வளவு நடந்தது. நாம் இன்று பிரஸ்தாபிக்கும் வியாதிக்குப் பல்லுமில்லை, கறையுமில்லை. அதற்காக ஊர்வலம் போவாரையும் மகஜர் கொடுப்பாரையும் நாம் கண்டதில்லை.

வியாதியின் இயல்பைச் சிறிது விளக்குவோம். இருதயம் சுருங்கும்போது ரத்தம் குழாய்ச் சுவரை முட்டித் தள்ளும் வேகம் ஓர் எண். இருதயம் விரிந்து ஓயும்போது எஞ்சி நிற்கும் வேகம் இரண்டாம் எண். முந்தியது 120, பிந்தியது 80 என்றிருப்பது நலம். 140-ஐயோ 90-ஐயோ எட்டி, வெவ்வேறு நாட்களில் அளந்தும் அப்படியே நின்றால் அது வியாதி. இதை அளக்கும் வித்தை பழையதே. இத்தாலியரான ரீவா-ரோச்சி 1896-ல் கைப்பட்டையைக் கண்டார். ருஷ்ய வைத்தியரான கொரோட்கோவ் 1905-ல் பட்டைக்குக் கீழே குழாய் வைத்துச் செவியால் கேட்கும் முறையைச் சொன்னார். நூற்றிருபது ஆண்டாகியும் அடிப்படை மாறவில்லை. கையில் பட்டையைச் சுற்றி இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் தெரிந்து விடும். உட்காராதவனுக்கோ, தலைவலியும் மயக்கமும் வந்துதான் தெரிய வேண்டுமென்று எதிர்பார்த்தால், அநேகமாய் அவை வருவதே இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒருவித உபாதையுமின்றி உழைப்பான். அதற்குள் மூத்திரக் காயும், மூளைக்குப் போகும் நரம்புக் குழாய்களும், கண்ணின் பின்திரையும் சிறுகச் சிறுக நைந்து போயிருக்கும். சாட்சி இல்லையென்றால் குற்றமில்லை யென்பது நாம் பழகிய நியாயஸ்தலத்துக்குப் பொருந்தும் விதி. உடம்பு அந்த விதிக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை.

அரச வைத்தியர் பக்கத்திலிருந்தும் இதனிடமிருந்து தப்பாதவர் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்டை 1944 மார்ச்சு மாதத்தில் ஹோவர்டு புரூயென் என்ற இளம் இருதய வைத்தியர் பரிசோதித்தபோது அழுத்தம் 186-க்கு 108 என்றிருந்தது. ஜனாதிபதியின் தேகநிலை வயதுக்கேற்ற முறையில் நன்றாகவே இருக்கிறதென்று ஊராருக்குச் சொல்லப்பட்டது. 1945 ஏப்ரல் 12-ல், 63-ம் வயதில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து அவர் மாண்டார். அன்று அவருக்குக் கொடுக்கத் தக்க நல்ல மருந்து உலகத்தில் எங்கும் இருக்கவில்லை. பம்பாய் வைத்தியர் ரஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவைக் கொண்டு ரத்தக் கொதிப்பைத் தணித்த விவரத்தை இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் எழுதி உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்ததே 1949-ல்தான். அதற்குப் பின் எத்தனையோ மருந்துகள் வந்து விட்டன. ரூஸ்வெல்டுக்குக் கிட்டாத மாத்திரை இன்று பென்னாகரத்துக் கூலியாளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வாங்கத்தான் ஆள் வரவில்லை.

ஏன் வரவில்லை யென்பதே நாம் எழுத எடுத்துக் கொண்ட விஷயம்.

சர்க்காரைக் குறை சொல்லித் தொடங்குவது பத்திரிகைகளின் வழக்கம். இவ்விஷயத்தில் முதலில் புகழ வேண்டியவரைப் புகழ்ந்து விடுவோம். 2021 ஆகஸ்டு 5-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம், 2004 வரை தர்மபுரி ஜில்லாவின் பகுதியாயிருந்த கிருஷ்ணகிரி ஜில்லாவில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் ஆரம்பமாயிற்று. சுய உதவிக் குழுப் பெண்கள் பட்டையும் பையுமாக வீடு வீடாகப் போகிறார்கள்; திண்ணையில் உட்கார வைத்து அழுத்தம் பார்க்கிறார்கள்; சர்க்கரை பார்க்கிறார்கள்; மாத்திரையை வாசலுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் உள்ளவர் நூற்றுக்கு 7.3 பேர் என்றிருந்தது, பின்னால் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 17 பேராக உயர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு முன்னேற்றம் சாமானியமன்று.

ஆயினும் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில் நுழைந்தால் கண்ணில் படுவோர் பாட்டி, பாட்டன், கைக்குழந்தையோடு மருமகள். மகன் எங்கே? பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான். ஓசூரில் தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அல்லது லாரியில் நாக்பூர் போய்க் கொண்டிருக்கிறான். 2011 ஜனக்கணக்கின்படி இந்த ஜில்லாவின் பதினைந்து லட்சம் ஜனங்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கிராமவாசிகள். கிராமத்திலோ தண்ணீரும் இல்லை, தொழிலும் இல்லை. ஆகையால் உடம்பில் வலுவுள்ளவனெல்லாம் வெளியேறுகிறான். வீட்டைத் தேடி வரும் மருத்துவம் வீட்டில் இல்லாதவனைக் காண்பதெப்படி?

வயது வரம்பும் அவனுக்கு விரோதமாகவே நிற்கிறது. இந்திய சர்க்காரின் பரிசோதனைத் திட்டம் 30 வயதுக்கு மேற்பட்டவரையே எண்ணி வகுத்தது. தமிழ்நாட்டுத் திட்டமும் தொடங்கிய நாளில், வீட்டுக்கே மருந்து கொடுப்பதில் 45 வயது கடந்தவருக்கும் நடமாட இயலாதவருக்கும் முதலிடம் தந்தது. பணம் அளவாயிருக்கும்போது ஆபத்து மிகுந்தவரை முதலில் கவனிப்பது நியாயமே. ஆனால் 22 வயதில் தொடங்கிய கொதிப்பை 45 வயதில் கண்டுபிடிப்பது, காடு எரிந்த பிறகு கிணறு வெட்டுகிற காரியமாகும்.

பெண்கள் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கர்ப்பிணியான நாள் முதல் அவள் கை மாதந்தோறும் அளக்கப்படுகிறது. கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறினால் வலிப்பு வந்து தாயும் சிசுவும் சேர்ந்து மடியும் ஆபத்து இருப்பதால், கிராம சுகாதார நர்ஸ் அதை விடாமல் கவனிக்கிறாள். பிரசவம் ஆனதும் அட்டையை மடித்து வைத்து விடுகிறார்கள். கர்ப்பத்தில் கொதிப்புக் கண்ட பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாகவே ரத்தக் கொதிப்பு வரும் சாத்தியம் மற்றவரை விட அதிகம் என்பது வைத்தியர் அனைவரும் அறிந்தது. பெயர், விலாசம், அழுத்தம் எல்லாம் எழுதிய நோட்டு நர்ஸிடமே இருக்கிறது. அந்த நோட்டைப் புரட்டி, ஆண்டுக்கொரு முறை அப்பெண்களை அழைத்து அளந்தால் போதும். ஆண் பிள்ளைக்கோ அப்படி ஒரு நோட்டே கிடையாது. போலீஸிலோ பட்டாளத்திலோ சேரப் போனாலன்றி, முப்பது வயது வரையில் அவன் கையில் பட்டை சுற்றுவார் எவருமில்லை.

இந்த இளமையிலேயே ஏன் வருகிறதென்று கேட்டால், ஒரே காரணத்தைச் சொல்லித் தப்புவதற்கில்லை. தகப்பனுக்கோ தாய்க்கோ இருந்தால் பிள்ளைக்கு வரக்கூடும். இடுப்பு பருத்தால் வரும். மது ஏற்றும். புகையிலை, குழாய்ச் சுவரைக் கெடுத்து, கொதிப்பு செய்யும் நாசத்தை இரட்டிக்கும். இரவு முறை வேலையும் அறுந்த தூக்கமும் ஏற்றும். நாற்பது வயதுக்குள் அழுத்தம் மிகுந்து காண்பவரில் ஒரு சிலருக்கு மூத்திரக் காயில் முன்னரே உள்ள கோளாறோ, சுரப்பிகளின் கோளாறோ அடிப்படையாயிருக்கும். ஆதலால் வாலிபன் விஷயத்தில் மாத்திரையைக் கொடுத்து அனுப்பி விடுவதோடு நில்லாமல், சிறுநீரையும் ரத்தத்தையும் ஒரு முறையேனும் சோதித்தல் அவசியம். அதற்கு வேண்டிய வசதி 2008 முதல் நடைபெறும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் உண்டு. கிராமத்திலிருந்து அங்கே அனுப்புவதற்கு ஒரு சீட்டுதான் வேண்டும்.

ராகிக் களியையும் சாமைச் சோற்றையும் விட்டு விட்டதால்தான் எல்லாம் வந்தது என்று சொல்பவர் உண்டு. கேட்க இனிமையாயிருக்கிறது. பழைய தலைமுறையின் அழுத்தத்தை யாரும் அளந்து வைக்கவில்லை யாகையால், அவர்களுக்கு அது இல்லவே இல்லையென்று சத்தியம் செய்ய நாம் தயாரில்லை. களியில் நாரும், பொட்டாசியமென்ற தாதுவும் உண்டு. கீரையிலும் பயறிலும் உண்டு. அவை அழுத்தத்தைத் தணிப்பன. தீட்டிய அரிசியில் இவை குறைவு. ஊரை விட்டுப் போன வாலிபன் இரவு பத்து மணிக்குச் சாலையோரக் கடையில் நாலு பரோட்டாவும் சால்னாவும் தின்று, காலையில் ஊறுகாயோடு எலுமிச்சைச் சாதம் தின்று, இடையில் பாக்கெட் தீனியும் தின்கிறான். இவற்றில் மறைந்திருக்கும் பொதுப் பொருள் ஒன்றே. அதுதான் உப்பு.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டே உப்பு சேர வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. ஒரு தேக்கரண்டி என்று வைத்துக் கொள்ளலாம். உலகத்தார் சராசரியாய் உண்பது 10.8 கிராம்.

உப்பைக் குறைக்கச் சொல்ல ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் சிறிது கூச்சம் உண்டாவது இயல்பே. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த படையின் தலைவர் ராஜாஜி, ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். உப்பு ஏழையின் பண்டம், அதன் மீது வரி விதிக்க அந்நியனுக்கு உரிமையில்லை என்று அன்று நம்மவர் அடி பட்டனர், சிறை புகுந்தனர். அதே ஆண்டு தண்டிக்கு நடந்த காந்தியடிகளோ, தம் சொந்த உணவில் உப்பைச் சில காலம் அறவே விலக்கியிருந்தவர். அவருக்கும் ரத்தக் கொதிப்பு உண்டு. 1940 பிப்ரவரியில் அவருடைய அழுத்தம் 220-க்கு 110 வரை ஏறியிருந்ததை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்ட குறிப்புகள் காட்டுகின்றன. வரியில்லாத உப்பு வேண்டுமென்றவர்கள், அளவில்லாத உப்பு வேண்டுமென்று கேட்கவில்லை.

உபதேசத்தால் உப்பு குறையுமென்று நாம் நம்பவில்லை. வீட்டில் குழம்பு வைக்கிறவள் ஒருத்தி, வெளியில் சால்னா வைக்கிறவன் ஒருவன். தின்கிற வாலிபனுக்கு இரண்டிலும் அதிகாரமில்லை. உப்பையே மாற்றுவதுதான் உபாயம். சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக் கிராமங்களில் சாதாரண உப்பு. மறு பாதியில், நாலில் மூன்று பங்கு சாதாரண உப்பும், ஒரு பங்கு பொட்டாசிய உப்பும் கலந்தது. அந்த உப்பைப் பயன்படுத்தியவரிடையே பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சோதிக்கப்பட்டவர் முன்னரே பக்கவாதம் கண்டவரும், கொதிப்புள்ள முதியவருமே யென்றாலும், உப்பு வாலிபன் உடம்பில் மட்டும் வேறு விதமாக நடந்து கொள்ளாது. மூத்திரக் காய் கெட்டவருக்கும் சில மாத்திரைகள் உண்பவருக்கும் இவ்வுப்பு ஆகாது. வைத்தியரைக் கேட்டே கொள்ள வேண்டும்.

இதற்குச் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் ஜில்லாவில் வாலிநோக்கத்தில் உப்பெடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம், சர்க்காருக்கே சொந்தமானது. 2014-ல் அக்கழகம் "அம்மா உப்பு" என்ற பெயரில் மூன்று வகை உப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அவற்றில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. சாதாரண அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய். சோடியம் குறைந்தது 21 ரூபாய். ஏழைக்கு நன்மை செய்யும் உப்புக்கு இரட்டை விலை வைத்தால் அதை ஏழை ஏன் வாங்குவான்? 2023-ல் தர்மபுரி, நீலகிரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக ராகி கொடுக்கும் ஏற்பாட்டைச் சர்க்கார் தொடங்கியது. ராகி கொடுக்கத் தெரிந்த அதே கடையில், அதே தராசில், விலை வித்தியாசத்தைச் சர்க்கார் ஏற்றுக் கொண்டு இந்த உப்பையும் கொடுக்கலாம். மது விற்று வரும் பணத்தில் ஒரு சிறு துளி இதற்குப் போதும்.

இனி, கண்டுபிடித்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயதுக்காரனிடம் "உனக்கு பிரஷர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடு" என்றால், அவன் வீட்டார் முதலில் அஞ்சுவது பக்கவாதத்துக்கன்று, பெண் கிடைக்காமல் போவதற்கு. மாப்பிள்ளைக்கு வியாதியென்ற பேச்சு ஒரு முறை கிளம்பினால் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் பரவி விடுகிறது. ஆகவே சீட்டு கிழிக்கப்படுகிறது. மாத்திரை கூரை ஓட்டின் இடுக்கில் ஒளிக்கப்படுகிறது. "ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஓதுகிறார். கண்ணாடி போட்டவனை யாரும் இப்படிப் பயமுறுத்துவதில்லை. உப்பும் எடையும் மதுவும் குறைந்து சிலருக்கு மாத்திரையும் குறைவதுண்டு. வைத்தியர் பார்த்துக் குறைக்க வேண்டும், தானாக நிறுத்தலாகாது. மறைத்துக் கல்யாணம் செய்து கொண்ட குடும்பத்தில், முப்பத்தைந்து வயதில் மூத்திரக் காய் ஓய்ந்து, வாரம் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் புருஷனைக் கூட்டிக் கொண்டு பஸ் ஏறுகிறவள், எந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மறைத்தார்களோ அந்த வீட்டுப் பெண்ணே. மருந்து ஏறக்குறைய இலவசம், சிகிச்சையும் காப்பீட்டில் நடக்கும். ஆனால் அவன் இழந்த கூலியை யார் கொடுப்பது?

2024-ல் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" என்று வேலைத் தலத்துக்கே போய் அளக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆரம்பித்தது. நல்ல யோசனை. ஓசூர் ஆலைக்கும் திருப்பூர் ஆலைக்கும் அது போகலாம். பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கும் பையனுக்கு அது எட்டாது. அவன் வேறொரு ராஜ்யத்தின் எல்லைக்குள் இருக்கிறான். தர்மபுரியில் எழுதிய சீட்டைக் காட்டினால் பெங்களூர்ச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கும்படி இரண்டு சர்க்கார்களும் ஓர் ஒப்பந்தம் செய்து கொள்ளலாகாதா? காவேரி நீரைப் பற்றிப் பேச எத்தனையோ முறை கூடிய அதிகாரிகள், இதற்காகவும் ஒரு முறை கூடலாம்.

அதற்குள் இங்கேயே செய்யக் கூடியது ஒன்றுண்டு. வெளியூர் போன பிள்ளைகள் ஊர் திரும்பும் நாட்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. பொங்கல், தீபாவளி, ஊர் மாரியம்மன் திருவிழா, ஆடிப் பதினெட்டு. ஆடிப் பெருக்கன்று ஒகேனக்கல்லில் நீராட வரும் கூட்டத்தில் வாலிபர்களுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு தர்மபுரி பஸ் நிலையத்தில் பெங்களூர் வண்டிக்குக் காத்து நிற்பவர் வரிசையிலும் குறைவில்லை. அங்கே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கருவி ஒன்று, மருத்துவக் கல்லூரி மாணவர் இருவர் இருந்தால் ஒரு மாலையில் நூறு கைகளை அளந்து விடலாம். ஓடி வந்தவனை ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, கையை மார்பு மட்டத்தில் வைத்து, பேசாதிருக்கச் செய்து, இரண்டு முறை பார்க்க வேண்டும். அதிகமென்றால் பயமுறுத்தாமல் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும். வீடு வீடாகப் போகும் பெண்கள் பொங்கல் நாளில் தம் வீட்டில் பொங்க வேண்டியவர்களே. அவர்களை அன்று வேலைக்கு இழுப்பது நியாயமன்று. மாட்டுப் பொங்கலுக்கு மறு நாள், பையன்கள் இன்னும் ஊரில் இருக்கும்போது, அவர்களை அனுப்பி, அன்றைக்கு இரட்டைக் கூலியும் வேறொரு நாள் விடுமுறையும் கொடுக்கலாம். வருகிற தைக்குள் இதற்கு உத்தரவு போட ஜில்லா கலெக்டருக்குப் போதிய அவகாசம் இருக்கிறது.